வீடு என்னும் தானம்

அன்னதானத்தின் பயன் ஒரு வேளையோடு நிறைவுறுகிறது. வஸ்திரதானம் ஓரிரு ஆண்டுகளில் நைந்துபோகிறது. வீட்டைத் தானமாகக் கொடுப்பது இவற்றிலிருந்து வேறுபட்டது. பெற்றவர் அதனுள்ளேயே உறங்கி எழுகிறார். அவருடைய குழந்தைகள் அதில் வளர்கிறார்கள். கொடுத்தவர் அறியாமல் செய்த சிறு பிழையும் அங்கே முப்பது ஆண்டுகள் சுவராக நிற்கிறது. சுவையற்ற உணவை ஒதுக்கிவிட்டு எழுந்துவிடலாம். கோடையில் கொதிக்கும் கூரையை அவ்வாறு ஒதுக்கிவிட இயலாது. ஆகவே, வீடு கட்டித் தரும் தொண்டில் ஈடுபடும் அன்பர், பிற தானங்களைச் செய்பவரைவிட அதிகமாகச் சிந்திக்கக் கடமைப்பட்டவர்.

இத்தகைய சிந்தனைக்கு ஓர் அடித்தளத்தைப் பகவத்கீதையின் பதினேழாம் அத்தியாயம் தருகிறது. அங்கே தானம் சாத்விகம், ராஜஸம், தாமஸம் என மூவகையாகப் பிரிக்கப்படுகிறது. கொடுப்பது கடமை என்ற உணர்வோடு, கைம்மாறு கருதாமல், தகுந்த இடத்தில், தகுந்த காலத்தில், தகுந்த பாத்திரத்திற்குக் கொடுப்பது சாத்விகம். பலனை எதிர்நோக்கியோ மனம் சுளித்தோ கொடுப்பது ராஜஸம். இடமும் காலமும் பாராமல், மதிப்பின்றி, இகழ்ச்சியோடு கொடுப்பது தாமஸம். கொடுக்கப்படும் பொருளின் அளவோ விலையோ இந்தப் பாகுபாட்டில் இடம்பெறவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

தேசம், காலம், பாத்திரம் ஆகிய மூன்றையும் ஸ்ரீ சங்கரர் தமது பாஷ்யத்தில் விளக்கும்போது, குருக்ஷேத்திரம் போன்ற புண்ணியத் தலங்களையும், சங்கராந்தி போன்ற புண்ணிய காலங்களையும், வேத வேதாங்கங்களைக் கற்றுணர்ந்த பெரியோரையும் எடுத்துக்காட்டுகளாகக் கூறுகிறார். அது அக்காலத்துத் தானமுறைக்கு ஏற்ற விளக்கம். ஆயினும் தாமஸ தானத்தின் இலக்கணத்தில் ‘மதிப்பின்மை’ ஒரு குற்றமாகச் சொல்லப்பட்டிருப்பதால், பெறுபவர் எவராயினும் அவருக்கு மதிப்பு உரியது என்பது அதிலிருந்தே பெறப்படுகிறது. அந்த வழியில் இம்மூன்று அளவுகோல்களையும் இன்றைய தொண்டுக்கும் பொருத்திப் பார்க்கலாம். ஹைதராபாத் நகருக்குத் தெற்கே, நல்லமலைக் காடுகளில் வாழும் செஞ்சு மக்களின் வீட்டுப் பிரச்சினை அதற்குப் பொருத்தமான பாடமாக அமைகிறது.

நல்லமலையும் செஞ்சுக்களும்

ஹைதராபாத்திலிருந்து ஸ்ரீசைலம் செல்லும் நெடுஞ்சாலையில் சுமார் 140 கிலோமீட்டர் தொலைவில் மன்னனூர் உள்ளது. அங்கிருந்து கிருஷ்ணா நதி வரை பரந்து கிடப்பது அமராபாத் பீடபூமி. இன்று அது தெலங்கானாவின் நாகர்கர்னூல் மாவட்டத்தைச் சேர்ந்தது. நதிக்கு அப்பால் ஆந்திரத்து நல்லமலை தொடர்கிறது. இந்த இரு கரைகளிலும் தொன்றுதொட்டு வாழ்பவர்கள் செஞ்சுக்கள். கிழங்கும் கனியும் தேனும் தேடி வாழ்ந்தவர்கள். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது, ஒன்றுபட்டிருந்த ஆந்திரப் பிரதேசத்தில் அவர்கள் ஏறத்தாழ 64 ஆயிரம் பேர் இருந்தனர்.

யாத்திரிகர்களுக்குச் செஞ்சுக்கள் புதியவர்கள் அல்லர். ஸ்ரீசைலத்து மல்லிகார்ஜுனரை அவர்கள் தங்கள் உறவினராகவே கருதி, ‘செஞ்சு மல்லையா’ என அழைக்கிறார்கள். அஹோபிலத்து நரசிம்மர் மணந்த செஞ்சுலக்ஷ்மியும் அவர்கள் குலத்துப் பெண் என்பதே மரபு. ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் வணங்கிவரும் இரு பெருந்தலங்களின் தெய்வங்களோடு உறவு கொண்டாடும் மக்கள், அரசின் ஏடுகளில் ‘மிகவும் நலிவுற்ற பழங்குடியினர்’ என்ற பட்டியலில் இருக்கிறார்கள். 1975இல் தொடங்கிய அப்பட்டியலில் இன்று நாடு முழுவதும் 75 சமூகங்கள் உள்ளன. தமிழகத்தின் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு இனத்தாரும் அதில் அடக்கம்.

செஞ்சுக்களின் சிற்றூருக்குப் ‘பெண்ட’ என்று பெயர். மரபான குடிசை வட்ட வடிவமானது. மூங்கில் தப்பைகளால் பின்னிய சுவர். அதன்மேல் கூம்புபோல் எழும் புல்வேய்ந்த கூரை. இலுப்பைப் பூ உதிரும் காலத்திலும் தேன் எடுக்கும் காலத்திலும் குடும்பங்கள் காட்டின் வேறு பகுதிக்குச் சென்று, இலைதழைகளால் பந்தலிட்டுத் தங்குவது வழக்கம். எனவே அவர்களுக்கு வீடு என்பது ஒரே இடத்தில் நிற்கும் கட்டடம் மட்டுமன்று. குடிசையும், அதன் முன்னுள்ள திறந்தவெளியும், பருவந்தோறும் சென்று தங்கும் காட்டுப்பகுதியும் சேர்ந்ததே வீடு.

இதைக் கூர்ந்து கவனித்து எழுதியவர் வியன்னாவில் பிறந்த மானுடவியலாளர் கிறிஸ்டாஃப் வான் ஃபியூரர்-ஹைமண்டார்ஃப். இரண்டாம் உலகப்போர் மூண்டபோது அவரிடம் இருந்தது ஜெர்மானியக் கடவுச்சீட்டு. அதனால் அவர் ஹைதராபாத் சமஸ்தானத்திற்குள் தங்கியிருக்க நேர்ந்தது. அந்தக் கட்டுப்பாட்டையே வாய்ப்பாக்கிக்கொண்டு, மனைவி பெட்டியுடன் 1940இல் செஞ்சுக்களிடையே தங்கி ஆராய்ந்தார். 1943இல் அவர்களைப் பற்றிய நூலை வெளியிட்டார். அவருடைய பரிந்துரையால் 1940களில் நிஜாம் அரசு, அமராபாத்தின் ஒரு பகுதியைச் செஞ்சுக்களுக்கென ஒதுக்கியது. பின்னர் அவர் ஆதிலாபாத் மாவட்டத்து மார்லவாய் என்னும் கோண்டு இன மக்களின் கிராமத்தில் தங்கி, அவர்களுக்கான கல்வித் திட்டத்திற்கு வித்திட்டார். 1987இல் ஹைதராபாத்தில் காலமான பெட்டியின் சமாதி மார்லவாயில் இருக்கிறது. 1995இல் லண்டனில் மறைந்த ஹைமண்டார்ஃபின் அஸ்தியும் 2012இல் அங்கேயே சேர்க்கப்பட்டது. உதவ வந்தவர்கள் முதலில் அம்மக்களோடு தங்கினார்கள், பிறகே பரிந்துரைத்தார்கள் என்ற வரிசைமுறை இவர்களது வாழ்வில் தெளிவாகத் தெரிகிறது.

தொலைதூரத்தில் ஒரு கண்ணாடி

ஒரு மக்களுக்கென நிலம் ‘ஒதுக்கப்படுவது’ இந்தியாவில் மட்டும் நிகழ்ந்ததன்று. அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில் பைன் ரிட்ஜ் என்ற ஒதுக்கிடம் இருக்கிறது. அங்கே வாழ்பவர்கள் லகோட்டா என்னும் பூர்வகுடியினர். காட்டெருமைக் கூட்டங்களைப் பின்தொடர்ந்து, கூம்பு வடிவத் தோல் கூடாரங்களில் வாழ்ந்தவர்கள். 1868இல் லாரமி கோட்டையில் செய்யப்பட்ட உடன்படிக்கை, அவர்கள் புனிதமாகக் கருதும் கருங்குன்றுகளை அவர்களுக்கே உரியதாக்கியது. 1874இல் அங்கே தங்கம் கண்டறியப்பட்டது. 1877இல் குன்றுகள் பறிக்கப்பட்டன. எஞ்சிய பெருநிலமும் 1889இல் துண்டாடப்பட்டு, பைன் ரிட்ஜ் முதலிய சிறு ஒதுக்கிடங்களாயிற்று. 1890 டிசம்பர் 29 அன்று வூண்டட் நீ என்ற இடத்தில் ஆண், பெண், குழந்தைகள் எனப் பலர் அமெரிக்கப் படையினரால் கொல்லப்பட்டனர். 1980இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், குன்றுகளைப் பறித்தது தவறு என ஏற்று, பத்துக் கோடி டாலருக்கும் மேற்பட்ட இழப்பீட்டை உறுதிசெய்தது. வறுமையில் இருந்தும் லகோட்டாக்கள் அந்தப் பணத்தை ஏற்கவில்லை. தங்களுக்கு வேண்டியது நிலமே என்றார்கள்.

அந்த ஒதுக்கிடத்தில் வீட்டுப் பற்றாக்குறை கடுமையானது. ஒரே சிறு வீட்டில் பல குடும்பங்கள் நெருங்கி வாழ்கின்றன. குளிர்காலத்தில் உறைநிலைக்கு வெகு கீழே இறங்கும் காற்று, சக்கரங்களின் மேல் அமைந்த பழைய தகர வீடுகளின் அடியில் புகுந்து வீசுகிறது. கோடை தோறும் பிற மாநிலங்களிலிருந்து தொண்டர்கள் வந்து, அவ்வீடுகளின் அடிப்புறத்தைப் பலகையிட்டு மூடுகிறார்கள், கூரையைச் செப்பனிடுகிறார்கள், முதியோர் சக்கர நாற்காலியில் ஏறிச் செல்லச் சாய்தளம் அமைக்கிறார்கள், தரையில் உறங்கும் குழந்தைகளுக்குக் கட்டில் செய்து தருகிறார்கள். ஒரு வாரம் தங்கிச் செய்யக்கூடிய சிறு பணிகள்தாம் இவை. ஆயினும் பனிக்காலத்தில் ஓர் உயிரைக் காக்கக்கூடியவை.

பெரிய திட்டங்களின் கதை வேறு. 1960களிலிருந்து அமெரிக்க அரசு ஒதுக்கிடங்களில் வரிசை வரிசையாக வீடுகளைக் கட்டியது. லகோட்டா சமூகத்தின் அடிப்படை ‘தியோஷ்பாயே’ எனப்படும் விரிந்த குடும்பம். பாட்டன், பேரன், சித்தப்பன், மாமன் என உறவினர் அருகருகே வாழும் அமைப்பு. வரிசை வீடுகள் அந்த உறவைப் பொருட்படுத்தவில்லை. வீட்டுவசதித் திட்டங்களை அந்தந்தப் பூர்வகுடி மன்றங்களே வகுத்துக்கொள்ள 1996இல்தான் சட்டம் வழிசெய்தது. பின்னர் பைன் ரிட்ஜின் இளைஞர்களே தொடங்கிய ‘தண்டர் வேலி’ என்ற அமைப்பு, வீடுகள் ஒரு பொதுவெளியைச் சுற்றி வட்டமாக அமையும் குடியிருப்பை உருவாக்கி வருகிறது. பழைய கூடாரங்களும் அவ்வாறே வட்டமாக நின்றன.

இந்தக் கண்ணாடியில் நல்லமலையைப் பார்க்கும்போது மூன்று அளவுகோல்களும் தெளிவு பெறுகின்றன.

முதல் அளவுகோல்: இடம்

வீட்டைக் கட்டுமுன் அந்த இடம் யாருடையது என்று கேட்க வேண்டும். நல்லமலையின் பெரும்பகுதி 1983இல் புலிகள் காப்பகமாயிற்று. 2014இல் மாநிலம் பிரிந்தபின் வடகரைப் பகுதி அமராபாத் புலிகள் காப்பகம் எனத் தனியே அமைந்தது. அப்பாப்பூர் போன்ற பெண்டகள் காட்டின் உட்பகுதியில் இருக்கின்றன. அங்கே சிமெண்டும் கம்பியும் கொண்டுசெல்லவும், நிலையான கட்டடம் எழுப்பவும் வனத்துறையின் அனுமதி வேண்டும். காப்பகத்தின் உட்பகுதியிலிருந்து விருப்பத்தின் பேரில் வெளியேறும் குடும்பத்திற்கு வழங்கப்படும் தொகை 2021இல் 10 லட்சத்திலிருந்து 15 லட்ச ரூபாயாக உயர்த்தப்பட்டது.

ஆகவே ஒரு செஞ்சுக் குடும்பத்தின்முன் இருவகை வீடுகள் நிற்கின்றன. காட்டுக்கு வெளியே, சாலையோரத்தில், மின்சாரத்தோடு கூடிய வீடு ஒன்று. முன்னோர் வாழ்ந்த பெண்டயில், மழை ஒழுகும் குடிசை மற்றொன்று. வெளியிலிருந்து வரும் தொண்டர் முதலாவதை மட்டுமே ‘முன்னேற்றம்’ எனக் காண்பது இயல்பு. ஆனால் தேனும் கோந்தும் கிழங்கும் காட்டில்தான் இருக்கின்றன. அவற்றிலிருந்து தொலைவில் கட்டிய வீடு, கூரையைக் கொடுத்துப் பிழைப்பைப் பறித்துவிடக்கூடும். பள்ளியும் மருத்துவமும் வேண்டி வெளியேற விரும்பும் குடும்பங்களும் உண்டு. எது வேண்டும் என்று முடிவுசெய்யும் உரிமை அந்தக் குடும்பத்தினுடையது.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இவ்வுரிமையை அங்கீகரிக்கிறது. நலிவுற்ற பழங்குடியினர் தம் மரபான வாழிடம் முழுவதன் மீதும் உரிமை கோர அதில் இடமிருக்கிறது. 2015இல் மத்தியப் பிரதேசத்து திண்டோரி மாவட்டத்தில் பைகா மக்கள் அத்தகைய வாழிட உரிமையைப் பெற்றார்கள். மூங்கிலும் தேனும் சிறு வனப்பொருள்கள் என்ற முறையில் அச்சட்டத்தின்படி அவர்களுக்கு உரியவை. உரிமைப் பத்திரம் பெற மனு எழுதித் தருவதும், கிராம சபையின் தீர்மானத்தைப் பதிவுசெய்ய உதவுவதும் செங்கல் சுமப்பதற்கு இணையான வீட்டுத் தொண்டே. நிலம் உறுதியாகாத இடத்தில் எழும் வீடு, நாளை காலி செய்யச் சொல்லப்படும் வீடு.

கருங்குன்றுகளின் கதை இங்கேயும் நிழலாடியதுண்டு. அமராபாத் காடுகளில் யுரேனியம் தேடும் முயற்சிக்கு 2019இல் பரவலான எதிர்ப்பு எழுந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் தெலங்கானா சட்டமன்றம் யுரேனியச் சுரங்கத்திற்கு எதிராக ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது.

இரண்டாம் அளவுகோல்: காலம்

காலம் என்பது முகூர்த்தம் மட்டுமன்று. ஒவ்வொரு சமூகத்திற்கும் அதன் வாழ்க்கைச் சுழற்சி உண்டு. நல்லமலையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. அப்போது காட்டுத்தடங்களில் வண்டி செல்வது அரிது. பங்குனி, சித்திரையில் இலுப்பைப் பூ உதிர்கிறது, கோடையில் தேன். கட்டுமானத்திற்கு ஏற்ற வறண்ட மாதங்களிலேயே குடும்பங்கள் காட்டுக்குள் செல்லும் வேளையும் வருகிறது. அரசாங்கத்தின் நிதியாண்டோ மார்ச் 31ஆம் தேதி முடிகிறது. கணக்கு முடிக்கும் அவசரமும் பூப்பொறுக்கும் பருவமும் மோதும் இடத்தில், வீட்டுக்காரர் இல்லாமலே சுவர் எழுகிறது. தன் வீட்டில் தனக்கு எங்கே சாளரம் வேண்டும் என்று சொல்ல அவர் அங்கே இருப்பதில்லை.

2023 நவம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட பிரதமரின் ஜன்மன் திட்டம், 75 நலிவுற்ற சமூகங்களுக்காக 4.90 லட்சம் வீடுகளை இலக்காகக் கொண்டது. ஒரு வீட்டிற்கு 2.39 லட்ச ரூபாய் என வகுக்கப்பட்டது. பெரும் வாய்ப்பு இது. ஆனால் இத்தகைய திட்டங்களில் பணம் ஒரே தவணையில் வருவதில்லை. அடித்தளம், சுவர், கூரை என ஒவ்வொரு கட்டத்தையும் புகைப்படத்தோடு பதிவுசெய்தபின் அடுத்த தவணை வரும். முதல் தவணைக்கு முன்பே செலவுசெய்யக் கையில் பணமில்லாத குடும்பம், வங்கிக் கணக்கும் ஆதார் அட்டையும் சரியாக இணையாத குடும்பம், பாதிச் சுவரோடு நின்றுவிடுகிறது. அந்தப் பாதிச் சுவரின் அருகே ஒரு தொண்டர் சரியான வேளையில் நின்றால், முழு வீடு உருவாகும். புதிதாக ஒரு வீட்டைக் கட்டித் திறப்புவிழா நடத்துவதைவிட, நின்றுபோன பத்து வீடுகளை முடித்துவைப்பது காலம் அறிந்த தானம். அதில் கல்வெட்டில் பெயர் பொறிக்க இடமில்லை; அதனாலேயே ராஜஸம் கலவாமல் இருக்கவும் வாய்ப்பு மிகுதி.

மூன்றாம் அளவுகோல்: பாத்திரம்

பெறுபவர் தகுதியுள்ளவரா என்று ஆராய்வதே பாத்திரம் அறிதல் எனப் பலர் கருதுகிறார்கள். வீட்டுத் தொண்டில் அச்சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு. பாத்திரத்தின் வடிவத்தை அறிந்து அதற்கேற்ப வார்க்க வேண்டும்.

புல்வேய்ந்த கூரை வெப்பத்தை எளிதில் உள்ளே விடுவதில்லை. அடுப்புப் புகை அதன் இடுக்குகள் வழியே கசிந்து வெளியேறுகிறது. தட்டையான கான்கிரீட் தளமோ பகலெல்லாம் வெப்பத்தை வாங்கி இரவில் உள்ளே விடுகிறது. தகரத்தகடு அதனினும் கொடிது. சாளரம் சிறுத்த அறையில் விறகடுப்பு எரித்தால் புகை அங்கேயே தங்கி, பெண்களின் கண்களையும் நுரையீரலையும் தாக்குகிறது. ஆகவே தரப்பட்ட கட்டடத்தைத் தட்டுமுட்டுச் சாமான் வைக்கும் அறையாக்கிவிட்டு, பக்கத்தில் குடிசை போட்டுக்கொண்டு உறங்கும் குடும்பத்தைக் காணும்போது ‘நாகரிகம் அறியாதவர்கள்’ என்று சிரிப்பது தவறு. அவர்கள் அந்தக் கட்டடத்தைச் சோதித்துப் பார்த்து, அதன் குறையைக் கண்டறிந்தவர்கள்.

தமிழக வாசகர்களுக்கு இது அறிமுகமான அனுபவமே. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினம் கடற்கரையில் எத்தனையோ நல்லுள்ளங்கள் ஆயிரக்கணக்கான வீடுகளைக் கட்டித் தந்தன. புயலுக்கும் அலைக்கும் தாங்கும் வீடுகள் அவை. அந்த நன்மையை மறுக்க முடியாது. எனினும் சில இடங்களில் வரிசை வீடுகளுக்காக வேம்பும் தென்னையும் வெட்டப்பட்டன. மரநிழலில் வலை பின்னியும் மீன் உலர்த்தியும் பேசியும் வாழ்ந்த மக்களுக்கு, வீடு கிடைத்தது. வீட்டின் வெளிப்புறம் போயிற்று.

பாத்திரத்தை அறிவது எப்படி? கேட்டறிவது ஒன்று, உடன் உழைப்பது மற்றொன்று. ஹாபிடட் ஃபார் ஹியூமானிட்டி என்ற அமைப்பு 1976இல் அமெரிக்காவில் தோன்றியது. இந்தியாவில் அதன் பணி 1983இல் இன்றைய தெலங்கானாவின் கம்மம் நகரில் தொடங்கிற்று. வீடு பெறும் குடும்பமும் தன் உடலுழைப்பைத் தரவேண்டும் என்பது அதன் நெறி. பெறுபவர் கட்டடத்தில் பங்காளியாகும்போது இரவலர் என்ற நிலை மாறுகிறது. 2006இல் லோனாவாலா அருகே அமெரிக்க முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் தலைமையில் 100 வீடுகள் எழுந்தபோதும், வெளிநாட்டுத் தொண்டர்களோடு வீட்டுக்கு உரியவர்களும் தோளோடு தோள் நின்று உழைத்தார்கள். அனந்தபூரில் வின்சென்ட் ஃபெர்ரர் 1969இல் தொடங்கிய கிராம வளர்ச்சி அறக்கட்டளை, கட்டிய வீடுகளைப் பெண்களின் பெயரில் பதிவுசெய்யும் வழக்கத்தை மேற்கொண்டது. பிற்காலத்தில் ஸ்ரீசைலம் பகுதிச் செஞ்சுக்களிடையேயும் அது பணியாற்றியது. வீட்டைப் பேணுபவர் யார் என்று பார்த்து அவருக்கே உரிமையைத் தருவது பாத்திரம் அறிந்த செயல்.

இரண்டு ஆட்சேபங்கள்

இங்கே பூர்வபட்சமாக இரண்டு கேள்விகள் எழும்.

முதலாவது: ‘இன்று இரவு மழை பெய்கிறது, குழந்தை நனைகிறது. இடம், காலம், பாத்திரம் என ஆராய்ந்துகொண்டிருப்பது தாமதத்திற்கு ஒரு சாக்கு அல்லவா?’ நியாயமான கேள்வி. இதற்கு விடை, ஆபத்துக்கால உதவியையும் நிலையான தானத்தையும் பிரித்தறிவதில் இருக்கிறது. நனையும் குழந்தைக்கு இன்றே தார்ப்பாயும் போர்வையும் தரவேண்டும்; அதில் ஆராய்ச்சி தேவையில்லை. பைன் ரிட்ஜில் பனிக்காற்றைத் தடுக்கப் பலகையிடுவதும் இந்த வகையே. ஆனால் தார்ப்பாய் கொடுக்கும் வேகத்தில் முப்பது ஆண்டுக்கான சுவரை எழுப்புவது அவசரமன்று, கவனக்குறைவு. ஆபத்துக்கால உதவி, சிந்திப்பதற்கான அவகாசத்தையும் சேர்த்தே தருகிறது.

இரண்டாவது: ‘குடிசையைப் புகழ்ந்து, அவர்களைக் குடிசையிலேயே வைத்திருக்கவா சொல்கிறீர்கள்? நகரத்தில் வாழ்பவர் எவரும் தேளும் பாம்பும் புகும் கூரையின் கீழ் உறங்குவாரா?’ இதுவும் தள்ளத்தக்கதன்று. குடிசை எளிதில் தீப்பற்றும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய புல் வேண்டும். காட்டில் புல்லும் மூங்கிலும் எடுப்பதற்குக் கட்டுப்பாடுகள் வந்தபின் அதுவும் கடினமாகிவிட்டது. உறுதியான கூரையை விரும்பும் செஞ்சுத் தாயின் விருப்பம், மரபு காக்கும் ஆர்வலரின் அழகுணர்ச்சியைவிட மேலானது. காட்சிப்பொருளாகப் பாதுகாப்பதும் ஒருவகை அவமதிப்பே. ஆகவே குடிசையின் குளிர்ச்சியும் கட்டடத்தின் உறுதியும் ஒன்றாக அமையும் வழியைத் தேடுவதே சித்தாந்தம்.

அந்த வழி ஹைதராபாத்திலேயே இருக்கிறது. இராஜேந்திர நகரிலுள்ள தேசிய ஊரக வளர்ச்சி நிறுவனத்தின் வளாகத்தில் 1999இல் ஊரகத் தொழில்நுட்பப் பூங்கா ஒன்று அமைக்கப்பட்டது. குறைந்த செலவில், அந்தந்த வட்டாரப் பொருள்களால் கட்டிய மாதிரி வீடுகள் அங்கே நிற்கின்றன. மண்ணோடு சிறிதளவு சிமெண்ட் கலந்து அழுத்திச் செய்யும் சுடாத கற்கள், நடுவே காற்றிடைவெளி விட்டு அடுக்கும் ‘எலிப்பொறிக் கட்டு’ச் சுவர், தளத்தின் கீழ்ப்பகுதியில் கான்கிரீட்டுக்குப் பதில் ஓடுகளைப் பதிக்கும் முறை எனப் பல நுட்பங்கள் அங்கே செயல்வடிவில் உள்ளன. எலிப்பொறிக் கட்டில் செங்கல் ஏறத்தாழ கால்பங்கு மிச்சமாவதோடு, இடைவெளியில் உள்ள காற்று வெப்பத்தையும் தடுக்கிறது. இம்முறைகளைக் கேரளத்தில் பரப்பிய லாரி பேக்கர், எளியவரின் வீட்டுக்கும் கட்டடக்கலையின் முழுக்கவனமும் உரியது என்று வாழ்ந்து காட்டியவர். மூங்கிலைப் போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த நீரில் ஊறவைத்தால் பூச்சி அரிப்பு வெகுவாகக் குறையும். காட்டுக்குள் லாரி லாரியாகப் பொருள் ஏற்றிச் செல்வதைவிட, அங்குள்ள மண்ணையும் கல்லையும் மூங்கிலையும் இத்தகைய அறிவோடு இணைப்பது சிக்கனமும் ஆகும்; இரண்டு செஞ்சு இளைஞர் கொத்தனார்களாகவும் உருவாவர்.

தொண்டருக்குரிய ஒழுங்கு

மேற்கூறியவற்றிலிருந்து, வீட்டுத் தொண்டில் இறங்கும் அன்பர் கைக்கொள்ள வேண்டிய ஒழுங்கு சில வரிகளில் அடங்கும்.

ஒன்று: பல ஊர்களுக்கு ஒருமுறை செல்வதைவிட, ஒரே பெண்டக்குப் பலமுறை செல்வது. முதல் பயணத்தில் எதையும் வாக்களிக்காதிருப்பது.

இரண்டு: புதிதாகக் கட்டுமுன் பழுதுபார்ப்பது. ஒழுகும் கூரை, வெடித்த சுவர், கதவில்லாத கழிப்பறை, புகைபோக்கி இல்லாத அடுப்பு ஆகியவை முதலில்.

மூன்று: கை வேலையைக் கற்றுக்கொண்டு செல்வது. கரண்டி பிடிக்கத் தெரியாத பத்துப் பேரின் உற்சாகம், கொத்தனாருக்குக் கூடுதல் சுமை. மென்பொருள் துறையில் இருப்பவர் ஆவணங்களையும் தவணைப் பதிவுகளையும் சரிபார்த்துத் தரலாம். அது அவருக்குத் தெரிந்த கருவி.

நான்கு: வீட்டின் அமைப்பு, வாசலின் திசை, அடுப்பின் இடம் ஆகியவற்றை அந்த வீட்டுப் பெண்ணிடம் கேட்டு முடிவுசெய்வது.

ஐந்து: உதவி பெறுபவரை நிற்கவைத்துப் படம் எடுக்காதிருப்பது. எடுத்தாலும், அவர் இசைவின்றி வெளியிடாதிருப்பது.

ஆறு: கட்டி முடித்த வீட்டுக்கு ஓராண்டு கழித்து, ஒரு மழையும் ஒரு கோடையும் கடந்தபின், மீண்டும் செல்வது. அந்தக் குடும்பம் வீட்டினுள் உறங்குகிறதா, வெளியே உறங்குகிறதா என்று பார்ப்பது. தொண்டின் தேர்வு முடிவு அங்கேதான் தெரியும்.

இந்த ஆறாவது ஒழுங்கு மனத்திற்கு மிகவும் கடினமானது. கொடுத்துவிட்டு மறந்துவிடுவதே நிஷ்காமம் என்று சிலர் எண்ணுகிறார்கள். பலனில் பற்று வேண்டாம் என்பதற்குப் பலனைப் பற்றிய பொறுப்பு வேண்டாம் என்பது பொருளன்று. புகழை எதிர்பார்த்துத் திரும்பிச் செல்வது பற்று. குறையைத் திருத்தத் திரும்பிச் செல்வது பொறுப்பு. முன்னதைத் துறந்தவரால்தான் பின்னதைத் தாங்கிக்கொள்ள முடியும். ஏனெனில் தாம் கொடுத்ததில் குறையிருக்கிறது என்ற சொல்லைக் கேட்கும்போது அவர் மனம் சுருங்குவதில்லை.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. தானத்தின் மூவகைப் பாகுபாட்டில் பொருளின் அளவு ஏன் ஓர் இலக்கணமாகக் கூறப்படவில்லை?

2. ஆபத்துக்கால உதவிக்கும் நிலையான தானத்திற்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் ஊரில் நிகழ்ந்த ஒரு பணியை வைத்து விளக்குக.

3. லகோட்டா மக்கள் இழப்பீட்டுப் பணத்தை ஏற்க மறுத்ததிலிருந்து ‘இடம்’ என்ற அளவுகோலைப் பற்றி என்ன அறியலாம்?

4. தரப்பட்ட வீட்டில் குடியேறாத ஒரு குடும்பத்தைச் சந்திக்கும் தொண்டர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி எது?

5. உங்கள் பகுதியில் உள்ள நலிவுற்ற குடியிருப்பு ஒன்றில், புதிய வீடு கட்டாமலே செய்யக்கூடிய மூன்று பழுதுபார்ப்புப் பணிகளைப் பட்டியலிடுக. அவற்றில் ஒன்றை அடுத்த மழைக்காலத்திற்கு முன் செய்து முடிக்க வழி காண்க.